தென்னேரி ஏரியில் இன்று தண்ணீர் எவ்வளவு?

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
12-8-2002

பிரேம்நாத் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. இரண்டு ஈமெயில் போட்டேன், பதில் இல்லை. தபால்காரர் கையில் கொடுத்தால் பிரிக்காமல் இருக்க முடியாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். அண்ணா போன பத்தாம் நாளும் நீங்கள் வரவில்லை, பதின்மூன்றாம் நாளும் வரவில்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஸ்ரீவர்தனின் உயிர்த் தோழன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். போகட்டும், சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

விஷயம் அப்பாவைப் பற்றியது.

அண்ணாவின் கம்ப்யூட்டர் இன்னும் கூடத்து மூலையில்தான் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா அதன் சுவிட்சைப் போடுகிறார். அண்ணா இருந்தபோதும் அவர்தான் போடுவார். பழைய மிஷின், கிளம்பவே பத்து நிமிஷம் ஆகும், பிள்ளை காபி குடித்து முடிப்பதற்குள் தயாராக இருக்கட்டும் என்பார். அந்தப் பழக்கம் விடவில்லை, நானும் தடுக்கவில்லை. ஆனால் அது கிளம்பியதும் மோடம் தானாகக் கத்துகிறது. தானாக இன்டர்நெட்டில் சேர்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கட்டிய தேடுபொறி, உங்கள் 'நாடா', திரையில் விரிகிறது. யாரும் கீபோர்டைத் தொடாமலே தேடுகிற கட்டத்துக்குள் ஒரு வரி வந்து நிற்கிறது.

'தென்னேரி ஏரியில் இன்று தண்ணீர் எவ்வளவு?'

கீழே சிவப்பில், 'நீங்கள் தேடியது கிடைக்கவில்லை.'

ஒன்பது மாதமாகத் தினமும் இதேதான். முதல் தடவை பார்த்தபோது நான் பயந்து நாலு அடி பின்னால் போய்விட்டேன். அண்ணா தென்னேரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போதுதானே ஐயம்பேட்டையில் லாரி மோதியது? எதற்காக விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா பயப்படவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொழந்தைக்குத் தாகம்டி. தண்ணியில்லாத எடத்துல நின்னுண்டு கேக்கறான். பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை பாரு," என்றார்.

ஈமக் காரியங்கள் எதிலும் குறை வைக்கவில்லை என்று செய்துவைத்த வாத்தியார் அடித்துச் சொல்லிவிட்டார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பங்குனியிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் முடிந்ததும் உள்ளங்கையில் ஒரு வாய்த் தீர்த்தம், நீங்கள் ரசம் என்கிற சாத்தமுது பிசைந்த சாதத்தில் இருக்கிற ஈரம், அவ்வளவுதான். "அவனுக்குக் கிடைக்கட்டும், அப்புறம் நான் குடிக்கறேன்." போன வாரம் குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். சிறுநீரகம் சுருங்கிக்கொண்டு வருகிறது, இப்படியே போனால் கார்த்திகை தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவும் இல்லாத வீட்டில் நான் யாரிடம் போய் அழுவது?

ஒருநாள் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கறுப்புத் திரைக்கு எதிரே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியாமல் திரும்ப மாட்டினேன்.

இன்னொன்று. அண்ணாவின் சட்டைப் பையில் இருந்ததாகப் போலீஸ்காரர் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். பென்சிலில் 11½ என்று எழுதியிருக்கிறது. மணியா, வேறெதுவுமா, ஒருவருக்கும் புரியவில்லை. அப்பா அதைப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வாருக்குள் வைத்திருக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் இயந்திரத்தை இந்தக் கேள்வி கேட்காமல் நிறுத்துங்கள்.

ஸௌம்யா பராங்குசம்


பெங்களூர்
20-8-2002

அன்புள்ள ஸௌம்யாவுக்கு,

கடிதத்தை நாலு தரம் படித்தேன். உன்னிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரியை இத்தனை நாளும் நீதான் அடிக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

நாடா இன்னும் ஓடுகிறது. நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். தறியில் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருகிற மாதிரி, அது தளம் தளமாகப் போய்ப் பக்கங்களை எடுத்துவருகிறது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே எழுத்தாக மாற்றிச் சொல் சொல்லாகப் பிரித்து அடுக்குகிறது. பக்கத்துக்கு ஒரு படியும் எடுத்துவைக்கிறது, நாளைக்கு அந்தத் தளமே இல்லாமல் போனாலும் படி இருக்கும். அது ஸ்ரீயின் யோசனை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து தேடுகிறார்கள், அதில் முப்பது பேருக்குச் சினிமாப் பாட்டுதான் வேண்டும்.

யார் எந்த நேரத்தில் எதைக் கேட்டார்கள் என்று ஒரு பதிவேடு விழும். ஆபீஸ் போனதும் அதைத்தான் திறப்பேன். ஆறு பத்து, காஞ்சிபுரத்து டெலிபோன் இணைப்பு, அந்த வரி. மறுநாள் ஆறு பன்னிரண்டு, அதே வரி. பார்க்கவே வேண்டாம் என்று நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் திறந்தால் ஐந்து வரி வரிசையாக நின்றன. ஸ்ரீ சாகவில்லை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்புறம்தான், இது ஸௌம்யா, என்னைத் தூங்கவிடக் கூடாது என்று செய்கிறாள் என்று முடிவுகட்டினேன். அதனால்தான் உன் ஈமெயிலைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. நாடா உயிரோடு இருக்கிறதா என்று தினம் பார்ப்பதற்கு ஸ்ரீ எழுதிவைத்த சோதனை வரி அது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானாக ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறான். 'ஸ்டார்ட்அப்' என்ற பெட்டிக்குள் 'காலை' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதை அழித்துவிடு, நின்றுவிடும். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

பத்தாம் நாள் நான் வந்தேன், ஸௌம்யா. வரதராஜர் கோயில் தேரடிவரை வந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை.

அப்பாவை எப்படியாவது தண்ணீர் குடிக்க வை.

பிரேம்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
29-8-2002

பிரேம்நாத் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி 'காலை' என்ற கோப்பை அழித்தேன். அழிக்கும்போது கை கூசியது, அதை வைத்தவன் அண்ணா இல்லையா?

மறுநாள் அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மோடம் கத்தவில்லை. அரைமணி நேரம் பொறுத்தார். "ஏன் இன்னிக்குக் கேக்கலை? களைச்சுப் போயிட்டானா?" என்றார். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதைக் கத்த வைடி," என்றார். வைத்தேன். தமிழ் எழுத்துக்காக அண்ணா கீபோர்டில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதங்களில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் அந்த வரி முழுவதையும் அடித்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. 'நீங்கள் தேடியது கிடைக்கவில்லை.'

"அவனால கேக்க முடியலைன்னா நான் கேக்கறேன்," என்றார். அன்றிலிருந்து தீர்த்தத்தைக்கூட வாயில் விடாமல் தலையில் தெளித்துக்கொள்கிறார். நீங்கள் சொன்ன வைத்தியத்தின் பலன் இதுதான்.

அப்பா தூங்கும்போது நானும் தேடிப் பார்த்தேன். உங்கள் இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் செய்தவள் நான். எல்லாப் பக்கத்திலும் வந்து குறுக்கே நிற்கிற சொற்களைத் தேடும்போது தள்ளிவிடலாம் என்று இருநூற்றுப் பதினேழு சொல் பட்டியல் போட்டுக் கொடுத்தேனே, ஒரு, அந்த, இன்று, எவ்வளவு என்று? அவற்றைத் தள்ளினால் அந்த வரியில் மிஞ்சுவது தென்னேரி, ஏரி, தண்ணீர். ஏரி என்று அடித்தேன், முந்நூறு பக்கம் வந்தது. தண்ணீர் என்று அடித்தேன், ஆயிரத்துக்கு மேல். தென்னேரி என்று அடித்தேன், ஒன்றுமில்லை. ஆனால் ஏரி என்று தேடி வந்த பக்கங்களில் ஒன்றைத் திறந்தால் அதிலேயே ஐந்து இடத்தில் தென்னேரி இருக்கிறது!

ஆபாசச் சொற்களுக்கென்று ஒரு தடைப் பட்டியல் வைத்திருந்தீர்கள். அதில் யாரோ உங்கள் சொந்த ஊரைச் சேர்த்திருக்கிறார்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடம்தான் இருந்தது. அதில் ஒருவன் இல்லை.

எதை மறைக்கிறீர்கள்?

ஊரில் பேசுகிறார்கள். அண்ணா தினமும் விடியற்காலையில் தென்னேரிக்குப் போனது உங்கள் தங்கை அனுவைப் பார்க்கத்தான் என்று. என் காதுபடவே பேசுகிறார்கள். அதுதான் நிஜம் என்றால் சொல்லித் தொலையுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எதற்குப் போனான் என்று தெரிந்தால் அப்பா இரண்டு வாய் தண்ணீர் குடிப்பார்.

ஸௌம்யா


பெங்களூர்
4-9-2002

ஸௌம்யாவுக்கு,

அனுவை இதில் இழுக்காதே. அவள் ஸ்ரீயிடம் பேசியதுகூட இல்லை. இந்தப் பேச்சால் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள் என்று அம்மா போனில் சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

போன வருஷம் நவம்பர் நாலாம் தேதி. செவிலிமேட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை. எனக்குப் பெங்களூர் வேலை உத்தரவு வந்திருந்தது. போகாதே, இன்னும் ஆறு மாதம் இரு, நாடா நின்றுவிடும் என்று ஸ்ரீ கெஞ்சினான். எனக்கு எரிச்சல். எழுதி வைத்ததைத் தேடுகிற மிஷினுக்காக நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "எவனோ எங்கியோ எழுதி வெச்சதைத்தானபா இது தேடிக்கினு வருது? எங்க ஊரு ஏரில இன்னிக்கு எவ்ளோ தண்ணி இருக்குதுன்னு கேளு. அதுக்குப் பதில் சொல்லட்டும், நான் இங்கியே இருந்துடறேன்."

அவன் சிரித்தான். "ஒரு மாசம் டயம் குடுடா," என்றான்.

அதோடு நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. யாரும் எழுதி வைக்காததால்தானே பதில் இல்லை, தானே எழுதினால் ஆயிற்று என்று போயிருக்கிறான். தினம் விடியற்காலையில் மொபெட்டில் தென்னேரிக்கு. மதகு பார்த்துக்கொள்கிற எங்கள் பெரியப்பா கலியனைக் கேட்டு, மதகடியில் இருக்கிற அளவுக்கல்லைப் பார்த்து எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து இலவசத் தளம் ஒன்றில் ஒரு பக்கம் தொடங்கி அதில் ஏற்றியிருக்கிறான். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறான்.

இருபத்துமூன்றாம் தேதி அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலில் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். "தெனம் வருவாரு அந்தப் பிள்ள. அளவ எழுதிக்கினு போவாரு. உனக்காகன்னு சொன்னாரேப்பா." மூன்றாம் நாள் நாடாவில் அந்தக் கேள்வியை அடித்தேன். பதில் வந்தது, ஸௌம்யா. முதல் முடிவாகவே வந்தது. பக்கத்தைத் திறந்து கடைசி வரிவரை படித்தேன். அவனை அந்தச் சாலைக்கு அனுப்பியது லாரிக்காரன் இல்லை, நான்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் தடுத்திருக்கலாம். இருந்த நிலையில், அந்தப் பெயரையே இனிமேல் பார்க்கக் கூடாது என்று ஊரையே தடைப் பட்டியலில் போட்டேன். நீயோ அப்பாவோ தேடினால் வந்துவிடக் கூடாது. மறுவாரம் பெங்களூருக்கு ஓடிவிட்டேன். இலவசத் தளத்துக்காரர்கள் பக்கத்தை எப்போதோ அழித்துவிட்டார்கள். நாடா எடுத்துவைத்த படி மட்டும் இருக்கிறது. அழிக்கப் போய்ப் போய்த் திரும்பி வந்தேன், கை வரவில்லை.

இன்று தடையை எடுத்துவிட்டேன், நாடா பழைய படிகளை மறுபடி அடுக்கி முடித்துப் பத்து நாளில் அந்தப் பக்கம் வரும். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. என்ன சாபம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பிரேம்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
16-9-2002

பிரேம் அண்ணாவுக்கு,

இப்படிப் போட்டு எழுதச் சொன்னது அப்பா. நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். கிழித்துப் போடவும் எடுத்தேன். அந்தப் பேச்சுக்காக எனக்குக் கோபமில்லை, சிநேகிதர்கள் ஆயிரம் பேசுவார்கள். ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே, அதற்குத்தான்! ஒரு கார்டு போட்டிருந்தால் போதாதா? அப்பா இப்படிக் காய்ந்திருக்க மாட்டார். உங்கள் கூடப்பிறந்தவளே தலை குனிந்து நடக்கிறாள், அப்போதும் உங்களுக்கு உங்கள் பயம்தான் பெரிதாக இருந்தது. மன்னித்தேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

முந்தாநாள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், "மிஷினைப் போடு," என்றார். அவரே அடித்தார். இந்தத் தடவை சிவப்பு எழுத்து வரவில்லை. ஒரே ஒரு முடிவு, 'சேமித்த படி' என்று.

நவம்பர் ஐந்திலிருந்து இருபத்திரண்டுவரை பதினெட்டு வரி. நான் படித்தேன், அப்பா கேட்டார். 'ஆறடி. குளிர் தாங்கலை.' 'ஒன்பதரை. ராத்திரி நல்ல மழை.' கடைசி வரி, 'பதினொன்று. கலியன் பெரியவர் டீ வாங்கிக் கொடுத்தார். இன்னும் பன்னிரண்டு நாள், பிரேம் மாட்டினான்.' அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன்.

அப்பா எழுந்து போய்க் கோயிலாழ்வாரைத் திறந்தார். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பதினொன்றரை. "இது இருபத்துமூணாம் தேதிடி," என்றார்.

வீட்டுக்கு வந்து ஏற்றுவதற்குள்தான் போய்விட்டான். ஒன்பது மாதமாக நாங்கள் பெருமாளோடு சேர்த்துச் சேவித்துக்கொண்டிருந்தது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

"தாகத்துக்குக் கேக்கலை. அளவுதான் கேட்டிருக்கான் அசடு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். வெள்ளிச் சொம்பு நிறையக் கொடுத்தேன். பாதி மார்பில் வழிந்தது. மீதியை நிறுத்தாமல் குடித்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்றுக் காலை மறுபடி அடித்தார், மறுபடி அதே பதினெட்டு வரி. சொம்பை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். "இது போன வருஷத்துத் தண்ணி. அவன் கேக்கறது இன்னிக்குன்னா?" இன்று என்ற சொல்லைத் தேடாமல் தள்ளிவிடச் சொன்னது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். "சரி, நீ தள்ளினே, அவன் மறைச்சான். இனிமேலாவது கொழந்தைக்குப் பதில் சொல்லுங்கோ. பிரேம் பெங்களூர்ல உக்காந்துண்டு என்ன பண்றான்? அவன் ஊர் ஏரிதானே? போய்ப் பாத்து எழுதச் சொல்லு."

இன்றும் சொம்பு நிறைந்தபடி கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் சொன்னது மாறவில்லை. பதில் வந்தால்தான் எடுப்பார் போலிருக்கிறது.

வாருங்கள்.

ஸௌம்யா


தென்னேரி
23-9-2002

அன்புள்ள ஸௌம்யாவுக்கு,

கார்த்திகைவரை சம்பளமில்லாத விடுப்புப் போட்டேன், முறைத்தார்கள், வந்துவிட்டேன். பஸ் ஐயம்பேட்டையில் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டேன். அனு என்னிடம் பேசவில்லை. சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று விடியற்காலையில் மதகுக்குப் போனேன். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வெடித்துக் கிடக்கிறது. அளவுக்கல் அடிவரை வெளியே தெரிகிறது. மதகடியில் முழங்கால் அளவுக்கு ஒரு குட்டை, அது கல்லைத் தொடவில்லை. பின்னால் மொபெட் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கரையில் யாரும் இல்லை. "எனக்கும் கேக்குதுபா, சில நாளு," என்றார் பெரியப்பா.

அப்பாவின் கதையைச் சொன்னேன். "எதுனா ஒரு அஞ்சு அடி ஆறு அடின்னு போட்டு வுடுபா. அந்த மனுசன் வந்து பாக்கவா போறாரு? தண்ணி குடிக்கட்டும்," என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது. பிள்ளை நிற்கிற இடத்தில் தண்ணீரே இல்லை என்று அவருக்கு எப்படி எழுதுவது? ஆனால் மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

வாலாஜாபாத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற ஒருவர் எனக்காக ஐந்தரைக்கே கடை திறக்கிறார். ஸ்ரீயின் பக்கத்தைப் படியிலிருந்து எடுத்துப் புதிதாக ஏற்றினேன். பத்தொன்பதாம் வரியாக, 23-11-2001, பதினொன்றரை. அதன்கீழே, 22-9-2002, இன்று கல்லில் தண்ணீர் இல்லை, மழைக்குக் காத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிற நாடாவை, தினமும் முதல் வேலையாக இந்தப் பக்கத்தை எடுக்கும்படி மாற்றினேன். உன் பட்டியலிலிருந்து 'இன்று' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இருநூற்றுப் பதினாறுதான் இப்போது.

இன்றும் போய்ப் பார்த்து எழுதினேன், இல்லை என்றுதான். நாளையும் போவேன். மழை வந்தாலும் வராவிட்டாலும் ஸ்ரீ போய் ஒரு வருஷம் ஆகிற வருஷாப்திகம்வரை இருப்பேன். அன்றைக்குத் தேரடியில் நிற்க மாட்டேன், வீட்டுக்கு வருவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

இணையப் பக்கத்தில் போட்டது அப்பாவுக்கு. இந்தக் கடிதம் உனக்கு. காலை ஆறு ஐம்பதுக்கு அந்த வரி வந்தது பதிவேட்டில் இருக்கிறது. ஒற்றை விரலால் அவர் அடிப்பதைப் பார்ப்பது போலவே இருந்தது. பதில் போனதும் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொம்பு என்ன ஆயிற்று என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நானும் இங்கே உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார்? எழுது, ஸௌம்யா.

பிரேம்